ஆயாவிடமிருந்து வந்தது மூட்டா, வலியா?

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து 42 வயதான ஓர் ஆச்சி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். அவருடைய ஆயாவுக்கு, அதாவது ஆத்தாவைப் பெற்ற பாட்டிக்கு, விரல் நுனிக் கணுக்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கடைசிக் காலத்தில் முழங்காலும் மடங்கவில்லை. ஆத்தாவுக்கு ஐம்பது வயதிலிருந்து உடம்பெல்லாம் வலி. ஆனால் ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு ஆண்டுகளாக இவருக்கும் கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று வலி இடம் மாறி மாறி இருந்துகொண்டே இருக்கிறது. "இது பரம்பரையா? என் மகளுக்கும் வருமா? அவளுக்கு அத்தை மகனைப் பேசியிருக்கிறோம். சொந்தத்தில் கட்டினால் கூடிவிடுமா? மரபணுச் சோதனை செய்து பார்த்துவிடலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

மூட்டு நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆயாவுக்கு இருந்ததும் உங்கள் ஆத்தாவுக்கு இருப்பதும் பெரும்பாலும் ஒரே நோய் அல்ல. மூட்டு எப்படித் தேய்கிறது என்பதில் ஒரு பரம்பரை உண்டு. நரம்பு மண்டலம் வலியை எப்படிக் கையாளுகிறது என்பதில் வேறொரு பரம்பரை உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "எங்கள் வீட்டில் வாத உடம்பு" என்று சொல்லிவிடுவதால்தான் எதற்கு எந்த வைத்தியம் என்பதும் குழம்பிப்போகிறது.

கொட்டான் முடையும் அக்கா தங்கை இருவரை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் ஓலையைக் கிழித்து மடக்கிச் செருகும் அதே வேலை, அதே வயதுக்காலம். இருவர் விரல்களையும் மேசைமேல் நீட்டச் சொன்னால் நகத்துக்குக் கீழே உள்ள கடைசிக் கணுவின் இரு ஓரங்களிலும் கடலைப்பருப்பு அளவில் கெட்டியான எலும்புப் புடைப்பு தெரிகிறது. எக்ஸ்ரேயும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. அக்கா, அழகு கெட்டுப்போயிற்றே என்ற வருத்தத்தைத் தவிர வேறு குறை சொல்லாமல் முடைந்துகொண்டிருக்கிறார். தங்கையோ ஓலையைத் தொட முடியவில்லை என்கிறார். அவருக்கு விரலோடு தோளும் முதுகும் வலிக்கின்றன, இரவில் தூக்கமும் இல்லை. மூட்டு கொடுத்த பரம்பரை இருவருக்கும் ஒன்றே. வலியில்தான் வேறுபாடு. இப்படிப்பட்ட இணைகளை எந்த மூட்டு நோய் மருத்துவரும் பார்த்திருப்பார்.

முதலில் மூட்டின் கதை. விரல் நுனிக் கணுவில் வரும் அந்தப் புடைப்புகளுக்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் பெயரால் ஹெபர்டன் கணுக்கள் என்று பெயர். அவை தாய்க்கும் மகளுக்கும் அக்காள் தங்கைகளுக்கும் தொடர்ந்து வருவதை 1940களிலேயே அமெரிக்காவில் ஸ்டெச்சர் என்பவர் குடும்பம் குடும்பமாகப் பார்த்து எழுதிவிட்டார். பரம்பரையின் அளவைக் கணக்கிட்டுச் சொன்னவை பின்னாளில் வந்த இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் முழுக்க ஒன்று. இரு கருவில் பிறந்த இரட்டையரின் மரபணுக்கள் உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதியே ஒன்று. முதல் வகையினரிடம் ஒற்றுமை எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதைக் கொண்டு மரபின் பங்கை மதிப்பிடுகிறார்கள். டிம் ஸ்பெக்டர் குழுவினர் 1996இல் பிரிட்டனில் பெண் இரட்டையரின் கை, முழங்கால் எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, தேய்மானத்தில் மரபின் பங்கு 39 முதல் 65 சதவீதம் வரை என்று கண்டனர். தேய்மானம் வயதால் மட்டும் வருவது, உழைப்பால் மட்டும் வருவது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

எந்த மரபணு என்று தேடப் போனபோது தனியாக ஒரு குற்றவாளி சிக்கவில்லை. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜிடிஎஃப்5 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற்றத்தை இடுப்பு, முழங்கால் தேய்மானத்தோடு தொடர்புபடுத்தினார்கள்; கருவில் மூட்டு உருவாகும் காலத்திலேயே வேலை செய்யும் மரபணு அது. 2021இல் 8 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 100 மாற்றங்கள் தெரிந்தன. 2025இல் ஏறத்தாழ 19 லட்சத்து 60 ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 962 ஆனது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யும் மாற்றம் மிகச் சிறியது. இந்தத் தரவுகளில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்கக் கூடாது. மூட்டுக்கு மூட்டு, இனத்துக்கு இனம் கணக்கு மாறும். பெய்ஜிங் முதியவர்களை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர முதியவர்களோடு ஒப்பிட்டபோது, சீனப் பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் அதிகமாகவும், சீனர்களுக்குப் பொதுவாக இடுப்பு மூட்டுத் தேய்மானம் மிக அரிதாகவும் இருந்தன. குந்தி உட்காரும் பழக்கம் முழங்காலுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் நாளெல்லாம் குந்தியே கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றுபவரின் முழங்காலை மரபணுவை மட்டும் வைத்து எடை போட முடியாது.

இனி வலியின் கதை. உங்கள் ஆத்தாவுக்கும் உங்களுக்கும் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். உடலின் இடப்பக்கம், வலப்பக்கம், இடுப்புக்கு மேல், இடுப்புக்குக் கீழ், முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி ஆகிய எல்லாவற்றிலும் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் வலி இருந்தால் அதைப் பரவலான நாள்பட்ட வலி என்பது 1990இலிருந்து வழங்கிவரும் வரையறை. அதோடு அசதியும், தூங்கி எழுந்தும் தூங்காதது போன்ற உணர்வும், ஞாபகத் தடுமாற்றமும் சேரும்போது ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு இரட்டையர் பதிவேட்டில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வு, இந்தப் பரவலான வலியில் மரபின் பங்கு ஏறத்தாழப் பாதி என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் சொன்னது. ஆணுக்கு இந்த வலியே வராது என்று நினைக்கும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

இதைவிட முக்கியமான ஆய்வு 2010இல் பிரிட்டன் இரட்டையரிடம் நடந்தது என்பது என் கருத்து. கழுத்து வலி, முதுகு வலி, தோள் வலி, கை வலி, கால் வலி என்று தனித்தனியாகச் சொல்லப்பட்டவற்றை ஆராய்ந்தபோது, அவை எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரே மரபுக் காரணி இருப்பதாகத் தெரிந்தது. கழுத்துக்கு ஒரு மரபணு, காலுக்கு ஒரு மரபணு என்பதாக இல்லை. வலியை உணர்வதற்கும் அடக்குவதற்குமான அமைப்பே மரபில் வருகிறது. 2019இல் பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற மருத்துவத் தகவல் களஞ்சியத்தின் தரவில் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து, பல இடங்களில் நீடிக்கும் வலியோடு தொடர்புள்ள 39 மரபணுப் பகுதிகள் கண்டறியப்பட்டன. அவற்றில் உள்ள மரபணுக்கள் பெரிதும் வேலை செய்யும் இடம் மூளை. மனச்சோர்வுக்கான மரபணுக்களோடும் அவற்றுக்குக் கணிசமான ஒற்றுமை உண்டு. தேய்மானத்தின் மரபணுக்களோ எலும்பு, குருத்தெலும்பு வளர்ச்சியைச் சேர்ந்தவை. நான் இரண்டு பரம்பரை என்று பிரித்ததற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூளை என்றதும் "மனசுதான் காரணம் என்கிறாரா?" என்று வருந்த வேண்டாம். உடலின் எந்தப் பகுதியிலிருந்து வலிச் செய்தி வந்தாலும் அது தண்டுவடத்தில் ஒருமுறை எடை போடப்பட்டே மேலே போகிறது. செரடோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைப் பயன்படுத்தும் நரம்புகள் மூளையிலிருந்து கீழே இறங்கி அந்தச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. இந்த அடக்கும் ஆற்றல் குறைந்தும், தண்டுவடத்தின் உணர்திறன் கூடியும் போனால், மூட்டிலும் தசையிலும் புண்ணோ வீக்கமோ இல்லாமலே வலி உண்மையாக உண்டாகிறது. 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இதைக் காயத்தால் வரும் வலி, நரம்புச் சேதத்தால் வரும் வலி ஆகிய இரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது வகையாக ஏற்றுக்கொண்டது. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்பதும் வலி ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. ஆத்தாவை இத்தனை ஆண்டுகள் "சும்மா சொல்கிறார்" என்று வீட்டார் நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரே மரபணு வலியை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதற்கு வியக்கத்தக்க சான்று பாகிஸ்தானிலிருந்து வந்தது. தெருவில் கையில் கத்தியைக் குத்திக்கொண்டும் கனல்மேல் நடந்தும் வித்தை காட்டிய ஒரு சிறுவனின் குடும்பத்தை ஆராய்ந்து, எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு பழுதுபட்டால் வலியே தெரியாமல் போகும் என்று 2006இல் எழுதினார்கள். அந்தச் சிறுவன் 14 வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அதே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் கைகால் தீயாய் எரியும் வேறொரு பரம்பரை நோய் வருகிறது. இவை மிக அரியவை. உங்கள் வீட்டு வலி இந்த வகை அல்ல. சிஓஎம்டி என்ற மரபணுவின் ஒரு மாற்றம் வலி தாங்கும் திறனைத் தீர்மானிப்பதாக 2003இல் வெளியான ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பிறகு வந்த ஆய்வுகளில் பல அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் மரபணுச் சோதனை விற்கும் நிறுவனங்களின் பட்டியலில் மட்டும் அது இன்னும் இடம்பிடித்திருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மரபின் பங்கு பாதி என்று படித்தவுடன் "என் மகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு" என்று கணக்குப் போடுவது இயல்பு. அது தவறான கணக்கு. ஒரு மக்கள் தொகுதியில் சிலருக்கு வலி இருக்கிறது, சிலருக்கு இல்லை என்ற வேறுபாட்டில் எவ்வளவை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பது மட்டுமே அந்த எண். தனி ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது. மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் முடக்கு வாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், ஃபின்லாந்து இரட்டையரை வைத்து அதில் மரபின் பங்கு ஏறத்தாழ 60 சதவீதம் என்று 2000இல் மதிப்பிட்டார்கள். ஆனால் ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு முடக்கு வாதம் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீதத்தினருக்கே என்பது 1993இல் பிரிட்டனில் கண்டது. மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் நூறில் எண்பத்தைந்து பேருக்கு வரவில்லை. உங்கள் மகளோ உங்களிடமிருந்து பாதி மரபணுக்களையே பெற்றிருக்கிறார். தாய்க்குப் பரவலான வலி இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. வந்தே தீரும் என்பது உண்மையல்ல.

மரபணுச் சோதனையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: உங்கள் வலிக்கு அது வேண்டாம். நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள் சேர்ந்து உண்டாக்கும் ஒன்றை, எச்சில் மாதிரியை வைத்து இன்றைக்குத் தனி ஒருவருக்குக் கணித்துச் சொல்ல முடியாது. பயன் உள்ள இடம் ஒன்று உண்டு. ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகுத்தண்டு வாதத்தோடு மிக வலுவாகத் தொடர்புடையது என்பது 1973இல் தெரியவந்தது. அதிலும்கூட பி27 உள்ளவர்களில் சுமார் இருபதில் ஒருவருக்கே நோய் வருகிறது. நெருங்கிய உறவினருக்கு நோய் இருந்தால் இந்த அளவு கூடும். ஆகவே இளவயதில் தொடங்கி, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் முதுகு வலி இருப்பவருக்குத்தான் மருத்துவர் அதை எழுதிக்கொடுப்பார். வலி இல்லாத பிள்ளைக்குச் செய்து பார்த்துக் கவலையை விலைக்கு வாங்க வேண்டாம்.

சொந்தத்தில் கட்டுவது பற்றிய கேள்வி இந்தப் பக்கத்தில் கேட்காத வீடு இல்லை. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை என்ற கட்டுப்பாடு நகரத்தாரிடம் உண்டு. ஆனால் கோவில் தகப்பன் வழியில் வருவதால், இளையாத்தங்குடியும் பிள்ளையார்பட்டியுமாகக் கோவில் வேறாக இருக்கும் அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகக் கொண்டிருக்கவே செய்கிறார்கள். கோவில் வேறு என்பதால் ரத்தமும் வேறு என்று எண்ணிவிடக் கூடாது. இதனால் கூடுவது எது என்றால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய நோய்கள். மூட்டு நோயிலும் அப்படிப்பட்டவை உண்டு. அல்காப்டோன்யூரியா என்பதில் சிறுநீர் கழித்துச் சிறிது நேரம் ஆனதும் கறுத்துப்போகும். முப்பது நாற்பது வயதில் முதுகும் முழங்காலும் தேயத் தொடங்கும். கண் வெள்ளையில் கரும்புள்ளியும், காது மடலில் நீலச் சாயலும் தெரியும். இதை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் கேரட், பெற்றோர் பலரும் முறை உறவினராக இருப்பதை 1902இலேயே கவனித்து, மனிதரில் மெண்டலின் விதிப்படி வரும் நோய்க்கு முதல் எடுத்துக்காட்டாக அதை முன்வைத்தார். சிறுவயதிலேயே விரல் கணுக்கள் பருத்துப்போய், முடக்கு வாதம் என்று தவறாக மருந்து கொடுக்கப்படும் இன்னொரு பரம்பரை எலும்பு நோயும் இந்தியக் குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது. இவை போன்ற வரலாறு இரு வீட்டிலும் இருந்தால் கட்டாயம் மரபியல் ஆலோசனை பெற வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டு வலி இந்த வகையில் சேராது. இன்னும் ஒன்று: நீங்கள் சொல்லும் வலி ஆயா, ஆத்தா, நீங்கள் என்று தாய் வழியில் வந்திருக்கிறது, பேசியிருக்கும் மாப்பிள்ளையோ உங்கள் கணவரின் உடன்பிறந்தாள் மகன். நீங்களும் உங்கள் கணவரும் ஏற்கெனவே உறவினராக இல்லாதவரை, உங்கள் ஆயா வழி மரபணு அந்தப் பிள்ளையிடம் இருக்க இடமில்லை. அத்தை மகனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை வேறு காரணங்களுக்காக எத்தனை வேண்டுமானாலும் யோசியுங்கள். உங்கள் உடம்பு வலியை அதில் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு இப்போது ஆக வேண்டியது என்ன? பரம்பரை என்று முடிவு கட்டுமுன் வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தைராய்டு குறைபாடும், வைட்டமின் டி மிகக் குறைந்து எலும்பு மென்மையாவதும் இதே போன்ற வலியைத் தரும். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மூட்டு வலி நீடிப்பதையும் 2006க்குப் பிறகு நாம் எல்லோரும் பார்த்தோம். காலையில் எழுந்ததும் கை மடக்க முடியாத விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, மணிக்கட்டும் விரலின் அடிக் கணுக்களும் வீங்குகின்றனவா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் முடக்கு வாதத்துக்கான ஆன்டி-சிசிபி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது; முடக்கு வாதம் பொதுவாக விரல் நுனிக் கணுவை விட்டுவிடும், ஆயாவுக்கு வந்ததோ நுனிக் கணுவில். இவை எதுவும் இல்லையென்றால் சிகிச்சை நரம்பு மண்டலத்தை நோக்கியதாக இருக்க வேண்டும். 2016இல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பு ஃபைப்ரோமயால்ஜியா சிகிச்சைகளை எல்லாம் எடை போட்டபோது வலுவான பரிந்துரை பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாளெல்லாம் நடப்பதாகச் சொல்வீர்கள், அது வேலை. மூச்சு சற்று வாங்கும்படி தொடர்ந்து நடப்பதும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தனி. மிகக் குறைவாகத் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டினால்தான் பழக்கம் நிற்கும். தூக்கத்தையும் சரிசெய்ய வேண்டும்: ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் குலைத்து, அவர்களுக்கே உடம்பு வலியை வரவழைத்துக் காட்டினார்கள் டொராண்டோ ஆய்வாளர்கள், 1975இல். டுலோக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்கு நன்றாகவும் சிலருக்குக் கொஞ்சமும் உதவும். மருத்துவர் மேற்பார்வையில் மட்டும். பெயரும் சேர்மானமும் எழுதாமல் விற்கும் வாதப் பொடிகளை வாங்க வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

ஆயாவின் முழங்கால் உங்களுக்கும் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு, ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1992இல் சொன்ன ஒன்று ஆறுதல் தரும். பத்து ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மரபணுவை மாற்றாமலே கிடைத்த பலன் அது.

மருத்துவரிடம் போகுமுன் குடும்ப வரலாற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். யாருக்கு வலி என்று மட்டும் கேட்காமல், எந்த மூட்டு, எந்த வயதில், வீக்கம் இருந்ததா, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்குக் கூடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கே கூடுவோர் பங்காளிகள், அதாவது உங்கள் கணவர் வழியினர். அது உங்கள் மகளின் வரலாற்றில் ஒரு பாதி. மறுபாதியை உங்கள் ஆத்தா வீட்டிலும், ஆயா பிறந்த வீட்டில் இப்போது மூத்தவராக இருப்பவரிடமும்தான் கேட்க வேண்டும்.